நாலு வெரக்கடை ஆழம்

இல்ல, அது தூசியாத்தான் இருக்கும். புரொஜக்டர் கண்ணாடியில ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கும். இந்த ஆடிட்டோரியத்துல எதத்தான் தொடைச்சாவ, திரையில பல்லி எச்சமாக்கூட இருக்கும், பேசாம இரு வடிவு, கைய மடியில வச்சுக்கிட்டு சிரிச்ச மொகமா இரு, போட்டோ எடுக்கான். ஆனா தூசின்னா எல்லாப் படத்துலயும் இருக்கணும்லா. எடது பெட்டிப் படம் வரும்போது இல்ல. வலது பெட்டிப் படம் வரும்போது இருக்கு. மறுபடி எடது, இல்ல. மறுபடி வலது, அந்தா இருக்கு, அதே எடத்துல, கீழ் மூலையில, கறுப்புக் கோட்டோட நுனியில, வெள்ளையா, ஒரு கட்டவெரல் பதிஞ்ச மாதிரி. எம்மா. தூக்கிவாரிப் போட்டுட்டு எனக்கு. நாற்காலி கிறீச்சுன்னு ஒரு சத்தம் போட்டுது, பக்கத்துல இருந்த தங்கமாரி திரும்பிப் பாத்தான். மேடையில எங்க ஆராய்ச்சி நிலையத்துத் தலைவர் திருவேங்கடம் சார் பட்டு வேட்டியக் கட்டிக்கிட்டு, ஒரு கையில மைக்க வச்சுக்கிட்டு, திரையக் காட்டிக் காட்டிப் பேசுதாரு. "நல்லா பாருங்கய்யா, எடது பக்கம் சாதா வெத நெல்லு. வலது பக்கம் நம்ம நிலையத்து மருந்துல ஊறவச்ச வெத. மண்ணுக்குள்ள, இருட்டுல, எது எம்புட்டு வளருதுன்னு உங்க கண்ணாலயே பாருங்க." எல்லாரும் பாக்காவ. முன் வரிசையில அதிகாரிமாரு பாக்காவ, பின்னால கமுதிப் பக்கத்துல இருந்து வந்த விவசாயிக அம்புட்டு பேரும் வாயத் தெறந்துக்கிட்டு பாக்காவ. முளைக்குருத்து வெள்ளை வெளேர்னு மண்ண முட்டிக்கிட்டு நெளிஞ்சு நெளிஞ்சு மேல வருது. ஆளாளுக்கு அதத்தான் பாக்காவ. மூலையில கெடக்க கோட்ட யாரு பாப்பா? நான் ஏன் பாத்தேன்? சவத்த நான் ஏன் பாத்துத் தொலச்சேன்?

கோடு. அந்தக் கோட்டுலதான் எல்லாம் கெடக்கு. பெட்டின்னா பீரோ ஒசரத்துக்கு ரெண்டு பெட்டி, உள்ள கும்மிருட்டு. கண்ணாடிச் சட்டத்துக்குள்ள மண்ண நெரப்பி, அடியில நெல்லப் பொதச்சு, பெட்டிக்குள்ள நிறுத்திருவோம். குருத்து கண்ணாடிய ஒட்டியே வளரும். இருட்டுல பாக்கக்கூடிய கேமரா பத்து நிமிசத்துக்கு ஒருக்க படம் எடுத்துக்கிட்டே இருக்கும், கம்ப்யூட்டர் ஒவ்வொரு படத்துலயும் குருத்தத் தேடிப் பிடிச்சு நீளத்த அளந்து போட்டுக்கிட்டே இருக்கும். மனுசன் பக்கத்துலயே போக வேண்டாம். ஆனா கம்ப்யூட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்னா எம்புட்டுன்னு என்ன தெரியும்? அதுக்குத்தான் சட்டம் நிக்க எடத்துல, மூலையில, ஒரு ஸ்டிக்கர். வெள்ளைத் தாள்ல ஒரு கறுப்புக் கோடு, அஞ்சு சென்டிமீட்டர். கம்ப்யூட்டர் மொதல்ல கோட்டத் தேடும். இந்த நுனியில இருந்து அந்த நுனி வரைக்கும் அஞ்சுன்னு எடுத்துக்கிடும், அத வச்சுக் குருத்த அளக்கும். நுனியில ஒரு சென்டிமீட்டர் மறஞ்சு போச்சுன்னா? நாலு சென்டிமீட்டர் கோட்ட அஞ்சுன்னு நம்பும். அப்பொறம் நாலு சென்டிமீட்டர் குருத்தையும் அஞ்சுன்னுதான் சொல்லும். கால்வாசி கூட. கால்வாசி. ஏ தெய்வமே, கால்வாசி. எங்க மருந்து குருத்த கால்வாசி கூட வளக்குதுன்னு ரிசல்ட்டு வந்த அன்னைக்கு நான் வராண்டாவுல நின்னு குதிச்சேனே. எங்க வீட்டுக்காரவியளுக்கு போன் போட்டு "கால்வாசிங்க, சரியா கால்வாசி"ன்னு கத்துனேனே. சரியா கால்வாசி! செடி எங்கயாவது சரியா கால்வாசி வளருமா? ஒண்ணு கூட வளரும், ஒண்ணு கொறைய வளரும், ஒண்ணு வளராமலே போகும். அன்னைக்கே ஒரு நிமிசம் இது எங்க ஒதைக்குதுன்னு யோசிச்சிருக்க வேண்டாமா? யாருமே யோசிக்கல. மூணு தடவை செஞ்சோம், மூணு தடவையும் கால்வாசி வந்துது, மூணு தடவையும் ஒண்ணுபோல வந்துட்டுன்னு எல்லாருக்கும் லட்டு குடுத்தோம்.

சந்தனம். வேற என்னவா இருக்கும், சந்தனம்தான். போன வருசம் ஆயுத பூசை. சார் அன்னைக்கு மட்டும் குளிச்சு, திருநீறு பூசி, விடியக்காலையிலேயே வந்துருவாரு. மத்த எடத்துல கடைநிலை ஊழியர விட்டு பொட்டு வைக்கச் சொல்லுவாவ, இவரு அப்பிடி இல்ல, எல்லா மிசினுக்கும் தன் கையாலதான் வைக்கணும். தராசுக்கு, அடுப்புக்கு, ஃபிரிஜ்ஜுக்கு, பேப்பர் குத்துத ஸ்டேப்ளருக்குக்கூட. "வருசம் பூரா நமக்காக ஒழைக்குல்லா, ஒரு நாளு மரியாத செஞ்சா என்ன கொறஞ்சு போகும்?" நான் சந்தனக் கிண்ணத்தப் பிடிச்சுக்கிட்டு பின்னாலயே போறேன், தங்கமாரி குங்குமம், பொரியும் சுண்டலும் மேசையில. பெட்டி ரெண்டும் அப்பத்தான் புதுசா வந்து எறங்குனது. எடது பெட்டியத் தெறந்தாரு, கேமரா நிக்க கம்பியில வச்சாரு, ஒரு கும்பிடு. வலது பெட்டியத் தெறந்தாரு, கம்பியச் சுத்தி ஃபேன் வயரு. வெரல நீட்டிக்கிட்டு தேடுதாரு. "இவளுக்கு நெத்தி எங்கப்பா இருக்கு?" எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். குனிஞ்சாரு, கை உள்ள போச்சு, "இந்தா, இதான் நெத்தி"ன்னாரு. எங்க வச்சாருன்னு யாரு பாத்தா? அவரு முதுகுதான் தெரிஞ்சுது. மறுநா காலையில மொத வெதைய உள்ள வச்சுப் பூட்டினோம். அந்தக் கேமராவுக்கு நெறம் தெரியாது. சந்தனமும் வெள்ள, குங்குமமும் வெள்ள, ஸ்டிக்கர் தாளும் வெள்ள. எங்க ரூம்ல கம்ப்யூட்டர் குருத்த மட்டும் வெட்டி எடுத்துக் காட்டும், மூலை எவனுக்கும் தெரியாது. இப்ப விளம்பரத்துக்கு வீடியோ எடுக்க வந்த பய முழுப் படத்தையும் அப்பிடியே தூக்கிப் போட்டிருக்கான், செவுரு ஒசரத்துக்கு. அவன் இல்லன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. தெரியாமலே இருந்திருந்தா என்ன? சீ, என்ன புத்தி இது.

"என்னக்கா, இப்பிடி வேர்த்து ஊத்துது?" தங்கமாரி. "கோட்டப் பாரு"ன்னேன். "எந்தக் கோடு?" "மூலையில. வலது பெட்டி வரும்போது பாரு." பாத்தான். "ஓ, சாரு வச்ச சந்தனம்லா. இன்னுமா இருக்கு?"ன்னு சிரிச்சான், சிரிப்பு பாதியிலயே நின்னுட்டு. அளக்கதுக்கு புரோகிராம் எழுதுனவன் அவன்தான், அவனுக்கு நான் வெளக்க வேண்டியது இல்ல. மொகத்துல ரத்தமே இல்ல, பேயறஞ்ச மாதிரி ஆயிட்டான். "அக்கா, கோட்டு நீளம் மாறுனா எச்சரிக்க குடுக்க மாதிரி எழுதணும்னு நெனச்சிருந்தேன்க்கா." "எழுதுனியா?" "இல்ல." பொறவு என் முழங்கையத் தொட்டான். "இப்ப எதுவும் சொல்லிராதியக்கா. ஃபங்சன் நல்லபடியா முடியட்டும். நாளைக்கு ஸ்டிக்கரத் தொடச்சிட்டு இன்னொரு தடவை போட்டு அளந்து பாப்போம். பொறவு சாருகிட்ட தனியா சொல்லுவோம்." நாளைக்கு. நல்ல வார்த்தை. அவன் சொல்லுததுல என்ன தப்பு? அளக்காமலே தப்புன்னு எப்பிடிச் சொல்ல? நாளைக்கு அளப்போம். நாளைக்கு. வெத மூட்டை குடோன்லதான் கெடக்கும், நான் ஊருக்குக் கோயில் கொடைக்குப் போயிட்டு நேத்துதான் வந்தேன், போகும்போது அங்கதான கெடந்துது, அடுக்கி வச்சது வச்சபடி. இன்னைக்கு விழாவுல மொத பை குடுப்பாவ, அதுக்குப் பொறவுதான் மத்தது போகும். நேரம் இருக்கு. மூச்சு விடு வடிவு, நேரம் இருக்கு. ஆனா இன்னைக்கு வாங்குதவிய இன்னைக்கே பஸ்ஸுல கொண்டு போவாவளே, மானம் மூடிக்கிட்டு இருக்கே, நாளைக்கு நாங்க அளந்து முடிக்க முன்ன அவிய வெதச்சு முடிச்சிருவாவளே. நாளைக்காம் நாளைக்கு.

ஏன் வலது பக்கம்? ஏன் மூணு தடவையும் மருந்து வெத வலது பக்கமே? நான் கேக்காமயா இருந்தேன், கேட்டேன். ரெண்டாவது தடவை மாத்தி வைப்போம் சார்னேன். எடது பெட்டிக்கும் வலது பெட்டிக்கும் ஏதாவது வித்தியாசம் இருந்தா தெரிஞ்சிரும்லான்னு கேட்டேன். சாரு சிரிச்சிட்டு, "மருமக எடது கால வச்சா வீட்டுக்குள்ள வாரா? புதுசா ஒண்ணு வந்தா வலது பக்கம்தான் வடிவும்மா"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாவ. அந்தாக்குல அது அப்பிடியே போயிட்டு. அவரு கோமாளி இல்ல, நல்ல மனுசன். மாசாமாசம் தன் கைக்காசுல எங்களுக்கு மண்ணு வாங்கித் தந்தவரு. ராமநாதபுரத்துக்காரவிய புழுதியில வெதச்சிட்டு மானத்தப் பாத்து நிக்கது அவருக்கு அப்பிடி வலிக்கும். மேலாக்கப் போட்டா ஒரு சின்னத் தூத்தலுக்கே மொளச்சிரும், அடுத்த வெயில்ல கருகிரும். ஆழமாப் போட்டா பெருமழைக்குத்தான் மொளைக்கும், ஆனா குருத்துக்கு அம்புட்டு நீளம் இல்ல, மேல வரமுன்ன மண்ணுக்குள்ளேயே அழுகிப் போகும். குருத்து மட்டும் கொஞ்சம் நீண்டுச்சுன்னா போதும் வடிவு, கொஞ்சம் நீண்டா போதும்னு பாடம் மாதிரி சொல்லிக்கிட்டே இருப்பாரு. நீண்டுது. கம்ப்யூட்டர்ல நீண்டுது. ஒருத்தராவது ஒரு ஸ்கேலத் தூக்கி வச்சுப் பாத்தோமா? கதவத் தெறந்தா வெளிச்சம் படும், வெளிச்சம் பட்டா குருத்து நின்னுரும், அதனால தெறக்கக் கூடாது. சரி, முடிஞ்ச பொறவு? முடிஞ்ச பொறவு எதுக்கு, கம்ப்யூட்டர்தான் அளந்துட்டேன்னு செடியப் பிடுங்கிக் குப்பையில போட்டோம். வயல்ல ஒரு தடவையாவது போட்டுப் பாப்போம்னு சொன்னதுக்கு, இந்தப் பருவம் போனா இன்னும் ஒரு வருசம்மா, அவிய எம்புட்டு நாளுதான் தாங்குவாவன்னாரு. அய்யோ, இந்தா கடைசிப் படம் வந்துட்டு. ரெண்டு பெட்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கான். கீழ கொட்ட எழுத்துல நம்பரு, வலது பக்க நம்பரு பெருசு. ஆனா குருத்து? ஏட்டி, குருத்தப் பாரு. ரெண்டும் ஒரே ஒசரம். ஒரே ஒசரம்! ஒரு நூலு கூட இல்ல, ஒரு நூலு கொறைய இல்ல. இத்தன பேரு கண்ணு முன்னால ரெண்டும் சரிக்குச் சரி நிக்கு, இவிய நம்பரப் பாத்துட்டு கை தட்டுதாவளே. சாரும் தட்டுதாரு. தங்கமாரியும் தட்டுதான், தட்டிக்கிட்டே என்னப் பாக்கான். என் கையும் தானா தட்டுது.

மேடையில ஓரத்து நாற்காலியில முத்திருளாயி அக்கா இருக்கா. புதுச்சேலை, மடிப்புக்கூட கலையல. மொத பை அவளுக்குத்தான், அவ பேரச் சொன்னதே நான்தான். சித்திரை வெயில்ல அவ காட்டுக்குப் போயிருந்தேன், அவ புருசன் போன பொறவு ஒத்த ஆளா அஞ்சு ஏக்கரப் பாக்கா, மகன் திருப்பூர்ல. ரெண்டு வருசமா வெதச்சது வெதச்சபடி கருகி, கெடந்த ஆட்டையும் வித்துட்டா. வரப்புல உக்காந்து மோர ஊத்திக் குடுத்துட்டுக் கேட்டா. "நாலு வெரக்கட ஆழமா தாயி? நாங்க ரெண்டு வெரக்கடைக்கு மேல போடமாட்டமே. மேல வந்து சேந்துருமா?" அதுக்கு நான் என்ன சொன்னேன்? கூறு கெட்டவ, நான் என்ன சொன்னேன்? "மிசின் அளந்திருக்குக்கா. மனுசன் அளந்தாக்கூட தப்பு வரும், இது தப்பாது"ன்னேன். என் வாயால, இந்த வாயால. அவ என் கையப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு மிசினத் தெரியாது தாயி, உன்னியத் தெரியும், நீ சொன்னாச் சரி"ன்னா. இப்ப அங்க இருந்து என்னையப் பாத்துச் சிரிக்கா. நானும் சிரிக்கேன். கன்னம் வலிக்குது. மண்ணுக்குள்ள நாலு வெரக்கடை ஆழத்துல, மூணு வெரக்கடை வரைக்கும் மட்டும் வளரக்கூடிய குருத்து. மேல வர இன்னும் ஒரு வெரக்கடைதான். அந்த ஒரு வெரக்கடைய எங்க கம்ப்யூட்டர் கணக்குல வளத்துட்டு, மண்ணுல வளக்கல. வெளிய நிக்கவளுக்கு என்ன தெரியும்? இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு காட்டையே பாத்துக்கிட்டு நிப்பா. உள்ள இருட்டுல அது முட்டி முட்டிப் பாத்துட்டு மஞ்சளாப் போயி அழுகும். யாராவது தண்ணி குடுங்களேன்.

"இதுக்கெல்லாம் காரணம் யாரு தெரியுமா? எங்க சங்கரவடிவு! மேடைக்கு வாம்மா"ன்னாரு சாரு. தங்கமாரி என் சேலைத் தலைப்ப ஒரு இழு இழுத்தான், "அக்கா, ப்ளீஸ்க்கா"ன்னான். படியில எப்பிடி ஏறுனேன்னு தெரியல. சாரு என் தலையத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணினாரு. கையில பைய வச்சாரு, சின்னப் பை, மஞ்ச நாடா கட்டினது. "குடும்மா, உன் கையால குடு." முத்திருளாயி அக்கா ரெண்டு கையையும் நீட்டுதா. போட்டோக்காரன் "மேடம், இங்க பாருங்க, சிரிங்க"ங்கான். குடுக்கேன், கை குடுக்க மாட்டேங்குது. அவ இந்தப் பக்கம் பிடிச்சிட்டா, நான் அந்தப் பக்கம் விடல. "விடு தாயி"ன்னு சிரிக்கா. விட மாட்டேன். விட்டா போச்சு. ஃப்ளாஷ் அடிக்கான், சவத்துப்பய, இன்னொண்ணு அடிக்கான். சாரு மெதுவா "வடிவு, என்னம்மா?"ன்னாரு. நான் அவரு கையில இருந்த மைக்கப் பிடுங்கினேன். நான்தான் பிடுங்கினேனா? "அளவு தப்பு"ன்னு என் குரல் கேட்டுது, ஆடிட்டோரியம் பூரா, எனக்கே யாரோ பேசுத மாதிரி. "எல்லாரும் கேளுங்க, நாங்க அளந்தது தப்பு. வலது பெட்டியில அளவுக் கோட்டு மேல சந்தனம் அப்பியிருக்கு. மருந்து வெதைக்கும் சாதா வெதைக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. இத ஆழமாப் போடாதிய. போட்டா மேல வராது." சாரு திரும்பித் திரையப் பாத்தாரு. கடைசிப் படம் இன்னும் நிக்கு, ரெண்டும் ஒரே ஒசரம். அவருக்கு ஒரு நொடி கூட ஆவல, புரிஞ்சிட்டு. பக்கத்து நாற்காலியத் தடவிப் பிடிச்சு உக்காந்தாரு. என்னத் தடுக்கல. திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். சொல்லிட்டேன், சொல்லிட்டேன், நேரத்தோட சொல்லிட்டேன், இனி என்ன வந்தா என்னன்னு மனசுக்குள்ள ஒரு தெம்பு வந்துது, அழுகையும் வந்துது. முத்திருளாயி அக்கா மட்டும் சிரிப்பு மாறாம நிக்கா, நான் ஏதோ பயந்து போயி ஒளறுதேன்னு நெனச்சிருப்பா போல, என் முதுகத் தடவிக் குடுத்தா.

"ஏந்தாயி, இதுக்கா இப்பிடி நடுங்குற? இந்தப் பை போட்டோவுக்குத்தானே. வெத போன வாரமே ஜீப்புல வந்துருச்சே. மேகங் கூடுது, பிந்திறக் கூடாதுன்னு சாருதேன் அனுப்பிச்சாக. வெள்ளிக்கிழம நல்ல நாளுன்னு அவுகளே நேரமும் பாத்துக் குடுத்தாக. வெத வாங்குன முப்பது பேரும் போட்டுட்டோம் தாயி. நீ சொன்னபடிக்கே நாலு வெரக்கட, கொஞ்சங்கூடக் கொறையாம."

"மழை?"ன்னு கேட்டேன். கேட்டது எனக்கே கேக்கல.

"முந்தாநாத்து வெளுத்து வாங்கிருச்சுல்ல. ஊரே குளுந்து போச்சு." சொல்லும்போதே அவ சிரிப்பு கொஞ்சங் கொஞ்சமா எறங்குது. நான் மைக்குல சொன்னது இப்பத்தான் அவளுக்குப் போயிச் சேருது. பின்னால உக்காந்திருந்த அவ ஊர்க்காரவிய ஒவ்வொருத்தரா எந்திரிக்காவ. அவ பைய விட்டுட்டு என் மணிக்கட்டப் பிடிச்சா. "அப்ப உள்ள கெடக்கதுக மேல வராதா தாயி?"

"வராதுக்கா"ன்னேன்.